நீண்டகரையின் 52 நாட்கள்

வலைகள் ஓய்வெடுக்கும் மழைக்காலத்தில் கொல்லத்தின் மீன்பிடித் துறைமுகம் ஒரு பெரிய பட்டறையாக மாறுகிறது. அங்கே ஊற்ற மறந்த இரண்டு லிட்டர் எண்ணெய்க்குக் கடலில் என்ன விலை?

ஜூலை மாதத்தில் நீண்டகரைக்குப் போகிறவர்களை வரவேற்பது மீன் வாடை அல்ல. பெயின்ட், டீசல், ஈரமான கயிறு, வெல்டிங் புகை. கொல்லத்திலிருந்து வடக்கே ஆலப்புழை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் அந்த நீளமான பாலம் வந்துவிடும். பஸ்ஸின் இடது பக்க ஜன்னலில் அரபிக்கடல். வலது பக்க ஜன்னலில் அஷ்டமுடிக் காயல். காயலில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வரிசைக்குப் பின்னால் வரிசையாக இழுவைப் படகுகள். மழை சாய்வாக அடிக்கிறது. படகுகளின் மேல்தளத்தில் பிளாஸ்டிக் தார்பாய் கட்டி, அதற்குக் கீழே குந்தியபடி யாரோ எதையோ கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவில் இந்தப் பாலத்தின் தூண்களுக்கிடையே சங்கிலி கட்டப்படுகிறது. அதற்கு முன்பே விசைப் படகுகள் எல்லாம் பாலத்துக்குக் கிழக்கே, காயல் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். ஜூலை 31 நள்ளிரவு வரை, 52 நாட்கள், இழுவை வலைக்குக் கேரளக் கடலில் இடமில்லை. பாரம்பரிய வள்ளங்கள் மட்டும் போய் வரும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கடலின் வாயில் சங்கிலி போட்டுப் பூட்டும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

சுற்றுலாப் பயணிகள் இங்கே இறங்குவதில்லை. அவர்கள் கொல்லத்தில் படகு ஏறி, 1993-ல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்ட பாதையில் தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி ஆலப்புழைக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் தங்கசேரியில் 1902-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மீது ஏறிப் பார்ப்பார்கள். சீனக் கப்பல்களும் அரபு வணிகர்களும் வந்துபோன பழைய துறைமுக நகரம், முந்திரிக் கொட்டையின் தலைநகரம் என்பவையெல்லாம் கையேடுகளில் இருக்கின்றன. கொல்லத்தின் இன்றைய கடல் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால், காயல் கடலில் சேரும் முகத்துவாரத்தின் தென்கரையில் இருக்கும் சக்திகுளங்கரையையும் வடகரையில் இருக்கும் நீண்டகரையையும்தான் காட்ட வேண்டும். இரண்டும் உண்மையில் ஒரே துறைமுகத்தின் இரண்டு கைகள். அதற்கும் வடக்கே சவறையின் கரிய மணல். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த அந்த மணலுக்கு இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் காவல் இருக்கின்றன.

இந்த ஊருக்கு இன்ஜின் வந்த கதை நார்வேயில் தொடங்குகிறது. 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953-ல் இந்திய-நார்வே திட்டம் நீண்டகரையில் கால் ஊன்றியது. மீனவர்களின் வள்ளத்தில் சிறிய இன்ஜினைப் பொருத்துவது, ஐஸ் ஆலை வைப்பது, சுகாதார நிலையம் கட்டுவது, குடிதண்ணீர்க் குழாய் போடுவது என்று ஆரம்பம் அடக்கமாகத்தான் இருந்தது. வள்ளங்கள் இன்ஜினைத் தாங்கவில்லை. எனவே புதிய படகுகளே கட்டப்பட்டன. முதலில் 22 அடி, பிறகு 25, 32 அடி. இழுவை வலையும் வந்தது. வலையில் இறால் வந்தது. இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை இருந்தது. மீனவக் குடும்பங்களின் சாப்பாட்டுத் தட்டில் மீன் கூட வேண்டும் என்று தொடங்கிய திட்டம் ஏற்றுமதித் தொழிலாகத் திசை மாறியதை அதன் விமரிசகர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். 1963-ல் திட்டத்தின் தலைமையிடம் எர்ணாகுளத்துக்குப் போனது. நார்வேக்காரர்கள் போய்விட்டார்கள். இன்ஜின்கள் போகவில்லை.

வள்ளக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் இடையே 1970-களிலும் 80-களிலும் நடந்த மோதல்கள் தனிக் கதை. உண்ணாவிரதம், சாலை மறியல், எரிந்த படகுகள், அடுத்தடுத்துக் கமிட்டிகள். மீன்கள் முட்டையிடும் பருவமழையில் இழுவை வலை கூடாது என்ற கோரிக்கைக்கு இணங்கி 1988-ல் கேரள அரசு முதல் தடையைக் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் 47 நாட்களாக இருந்த தடை, 2018-ல் 52 நாட்களானது. தடையைப் போட்டவர்கள் மீனைப் பற்றி யோசித்தார்கள். அதனால் இன்னொன்றும் தானாக நடந்தது: படகுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு கிடைத்தது. மற்ற பத்து மாதங்களில் ரிப்பேர் என்றால் ஒட்டுப்போடுவதுதான். பழுதை முழுமையாகப் பார்ப்பது இந்த 52 நாட்களில்தான்.

ஆகவே நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் ஒரே மெக்கானிக்குகளைத் தேடுகின்றன.

முதலில் படகை ஸ்லிப் எனப்படும் சரிவில் ஏற்ற வேண்டும். அதற்கே வரிசை. ஏறிய படகின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவார்கள். மரப் படகென்றால் பலகை இடுக்குகளை அடைப்பார்கள். இப்போது பெரும்பாலானவை இரும்புப் படகுகள் என்பதால் துரு தட்டுகிற சத்தம் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். புரொப்பெல்லர் கழன்று பட்டறைக்குப் போகும். ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே வலைக்காரர்கள் மடியைப் பிரித்துப் போட்டு முடிச்சுப் போடுவார்கள். அவர்களில் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர்கள் நிறைய. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. ஒரே தளத்தில் 'அண்ணே'யும் 'சேட்டா'வும் 'தாதா'வும் கேட்கிறது. படகை ஓட்டுகிறவர் இங்கே ஸ்ராங்க். 2012 பிப்ரவரி 15 அன்று இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இரண்டு மீனவர்கள் இறந்த 'செயின்ட் ஆண்டனி' படகு நீண்டகரையிலிருந்து சென்றதுதான். இறந்தவர்களில் ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் குமரி மாவட்டத்துக்காரர். இந்தத் துறைமுகத்தின் ஆள் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் இன்ஜின் அறை. அங்கேதான் மெக்கானிக் வருகிறார். ஒரு காலத்தில் அங்கே அசோக் லேலண்ட் இன்ஜின் கொடிகட்டிப் பறந்தது. நெடுஞ்சாலையில் லாரி இழுக்கும் அதே பெயர் இங்கே வலை இழுத்தது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். பின்னர் சீனாவிலிருந்து பல நூறு குதிரைச் சக்தி கொண்ட இன்ஜின்கள் வந்தன. எந்த இன்ஜினாக இருந்தாலும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கிறது. அதுதான் கியர் பாக்ஸ். கடலில் படகின் உயிர் இன்ஜினில் இருக்கிறது என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் இந்தப் பெட்டியையும் சேர்த்துச் சொல்வார்கள்.

லாரியின் கியர் பாக்ஸ் வேறு, இது வேறு. படகுக்கு ஐந்து கியர் கிடையாது. முன்னே, பின்னே, நடுவில் நியூட்ரல், அவ்வளவுதான். ஆனால் வேலை அதிகம். இன்ஜின் நிமிஷத்துக்கு 1800 சுற்று சுற்றினால் அந்த வேகத்தில் பெரிய புரொப்பெல்லரைச் சுற்ற முடியாது. நாலில் ஒரு பங்காகக் குறைத்து 450 சுற்றாக்கி, அதற்கேற்ப முறுக்கு விசையைக் கூட்டிக் கொடுப்பது இந்தப் பெட்டி. புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னே தள்ளும்போது படகை முன்னே தள்ளும் விசை இருக்கிறதே, அதையும் பெரும்பாலும் இதற்குள் இருக்கும் பேரிங்தான் தாங்குகிறது. மடியைக் கடலடியில் இழுத்துக்கொண்டு மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல் வேகத்தில் மணிக்கணக்காக நகரும் படகில் இந்தப் பெட்டிக்கு ஓய்வே இல்லை. ஏற்றத்தில் முதல் கியரில் ஏறும் லாரி, ஆனால் மலை முடிவதேயில்லை.

இத்தனைக்கும் உள்ளே இருப்பது கொஞ்சம் எண்ணெய். பெட்டியின் அளவைப் பொறுத்துச் சில லிட்டரிலிருந்து சில பத்து லிட்டர் வரை. அந்த எண்ணெய் மூன்று வேலை செய்கிறது. பற்சக்கரங்களுக்கு வழவழப்பு தருகிறது. சூட்டை எடுத்துக்கொண்டு கூலருக்குப் போய், அங்கே ஓடும் தண்ணீரிடம் விட்டுவிட்டு வருகிறது. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. ஸ்ராங்க் லீவரைத் தள்ளும்போது கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பது இந்த எண்ணெயின் அழுத்தமே. அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பம்ப், எண்ணெய் குறைந்தால் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. எண்ணெய் நுரைக்கிறது. அழுத்தம் விழுகிறது. தட்டுகள் பிடிக்காமல் வழுக்குகின்றன. வழுக்கும் தட்டு சூடாகிறது, சூடான தட்டு கருகுகிறது. கருகிய துகள் எண்ணெயில் கலந்து பேரிங் வரை போகிறது. மேலே தளத்தில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: இன்ஜின் உறுமுகிறது, படகு போகவில்லை.

சர்வீஸ் செய்த படகில் இது நடப்பதுதான் விசித்திரம். பழைய எண்ணெயோடு தடைக்கு முந்தைய நாள்வரை ஒழுங்காக ஓடிய படகு, பணம் கொடுத்து, தொழில் தெரிந்தவரைக் கொண்டு எண்ணெய் மாற்றிய பிறகு முதல் பயணத்திலேயே நின்றுவிடுவது எப்படி? காரணம் பெரும்பாலும் திறமைக்குறைவு அல்ல. ஜூலை மாதத்தின் அவசரம்தான்.

படகு ஸ்லிப்பில் மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. கியர் பாக்ஸும் அதோடு சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஆயில் கம்பியை விட்டுப் பார்த்தால் அது காட்டும் அளவு பொய். தண்ணீரில் மிதக்கும்போது இருக்கும் சாய்வை வைத்துத்தான் கம்பியில் கோடு போட்டிருக்கிறார்கள். அடுத்தது கூலரும் குழாய்களும். எண்ணெய் மாற்றும்போது அவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தால் அவை காலியாகிவிடும். புது எண்ணெயைக் கோடுவரை ஊற்றி மூடியைத் திருகிவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரி. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பம்ப் அந்த எண்ணெயைத் தூக்கி வெறுமையாகக் கிடக்கும் குழாயையும் கூலரையும் புது ஃபில்டரையும் நிரப்பும். பெட்டிக்குள் மட்டம் சரசரவென்று இறங்கும். எனவே ஊற்றிவிட்டு, நியூட்ரலில் சிறிது நேரம் ஓட்டி, மறுபடி பார்த்து, மறுபடி ஊற்ற வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்கும் பாலபாடம். ஆனால் கரையேறிய படகில் கடல் தண்ணீர் இல்லாமல் இன்ஜினை எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? 'இறக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மெக்கானிக் அடுத்த படகுக்குப் போகிறார். படகை இறக்கும் நாளில் அவர் எங்கோ மூன்றாவது படகின் வயிற்றுக்குள் இருக்கிறார்.

கம்பியிலும் குழப்பம் உண்டு. சில தயாரிப்புகளில் கம்பியைத் திருகி உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகாமல் மேலே வைத்தபடி பார்க்க வேண்டும். திருகின் உயரம் சில சென்டிமீட்டர்தான், ஆனால் அகலமான பெட்டியில் அது லிட்டர் கணக்கு. சில பெட்டிகளை இன்ஜின் ஓடும்போது அளக்கச் சொல்கிறார்கள், சிலவற்றை நிறுத்திய பிறகு. ஒரே நாளில் நாலு விதமான கியர் பாக்ஸ்களைப் பார்க்கிற மெக்கானிக், காலையில் பார்த்த பெட்டியின் பழக்கத்தை மாலையில் பார்க்கும் பெட்டியிலும் காட்டிவிடுவது சாத்தியமே. வடித்த பழைய எண்ணெயை அளந்து அதே அளவு புது எண்ணெய் ஊற்றுவது இன்னொரு வழக்கம். கேட்க நியாயமாக இருக்கிறது. பழைய எண்ணெயே குறைவாக இருந்திருந்தால்? பழைய குறை புது எண்ணெயிலும் அப்படியே தொடரும். இதற்கு மேல், வடிகால் திருகுக்கு அடியில் பழைய செப்பு வாஷரையே போட்டு இறுக்குவது, ஷாஃப்ட் பக்க சீலைப் பார்க்காமல் விடுவது. துளித் துளியாக ஒழுகினாலும் பத்து நாள் பயணத்தில் பள்ளம் விழும்.

வெளியே இன்ஜின் தொங்கும் சிறிய வள்ளங்களும் இதற்குத் தப்பவில்லை. அவற்றின் கியர் தண்ணீருக்கடியில், புரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள சின்னக் கூட்டுக்குள் இருக்கிறது. அதற்கு எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக அழுத்தி ஏற்ற வேண்டும், மேல்துளையில் வழியும்வரை. அவசரத்தில் மேல்துளை வழியாக ஊற்றுகிறவர்கள் உண்டு. உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், பாதி நிரம்பியதும் வழியும். நிரம்பிவிட்டது என்று மூடுவார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொல்லம் கடற்கரை மீனவர்கள் இந்த வள்ளங்களை லாரியில் ஏற்றிச் செங்கன்னூர் வரை கொண்டுபோய், மூழ்கிய வீதிகளில் ஓட்டி மக்களை மீட்டார்கள். மதில் சுவரிலும் கேட்டிலும் மோதி அடிபட்ட இன்ஜின்களைப் பிறகு பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு அந்தச் சின்னக் கூட்டின் மகத்துவம் நன்றாகத் தெரியும்.

ஜூலை கடைசி வாரம் வருகிறது. ஐஸ் ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. டீசல் ஏறுகிறது. ஊருக்குப் போன தொழிலாளர்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். புது பெயின்ட்டில் படகுகள் கல்யாணப் பெண்ணைப் போல நிற்கின்றன. சில படகுகளுக்குப் பாதிரியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிறார், சிலவற்றில் தேங்காய் உடைகிறது. 31-ம் தேதி நள்ளிரவு சங்கிலி அவிழ்கிறது. ஒரே நேரத்தில் அத்தனை இன்ஜின்களும் உறுமிக்கொண்டு பாலத்துக்கடியில் நெருக்கியடித்துப் புறப்படும் காட்சியைப் பார்க்க பாலத்தின் மேல் கூட்டம் நிற்கும். முகத்துவாரத்தில் காயலின் நீரோட்டமும் கடலின் அலையும் மோதிக்கொள்ளும். ஆகஸ்ட் மாதம் என்பதால் கடல் இன்னும் அடங்கியிருக்காது. இருபுறமும் கல் அணைகள். பின்னாலும் முன்னாலும் படகுகள்.

அந்த இடத்தில் கிளட்ச் வழுக்கினால் ஸ்ராங்குக்கு நேரமே இல்லை. நீரோட்டம் படகைக் கல்லின் மீது கொண்டுபோகும், அல்லது அடுத்த படகின் மீது. ஆழ்கடலில் நின்றால் நங்கூரம் போட்டு வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம். மீன்வளத் துறையின் மீட்புப் படகோ சக படகோ வந்து கட்டி இழுக்கும். 'எஞ்சின் கோளாறால் நின்ற படகு கரை சேர்க்கப்பட்டது' என்று மலையாளப் பத்திரிகைகளின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தி வரும். ஆகஸ்டில் அந்தச் செய்திக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் என்று பொதுவாக எழுதுவார்கள். பல சமயம் நிற்பது எஞ்சின் அல்ல, அதற்குப் பின்னால் இருப்பது.

ஆனால் நின்றுபோன படகைவிடச் சங்கடமானது, நிற்காத படகு. தண்ணீரில் இறக்கியதும் காயலுக்குள்ளேயே ஒரு சோதனை ஓட்டம் போகிறார்கள். அரை மணி நேரத்தில் லீவரைத் தள்ளினால் ஒரு தயக்கம், பிறகு வேகம் பிடிக்கிறது. கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் கம்பியின் நுனியில்கூட இல்லை. ஓடிப்போய் எண்ணெய் வாங்கி ஊற்றுகிறார்கள். மறுபடி ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது. தயக்கம் இல்லை, சத்தம் இல்லை. இப்போது என்ன செய்வது?

மெக்கானிக்கைக் கேட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். சில நிமிஷம், பாரம் இல்லாமல், வேகம் இல்லாமல் ஓடியிருந்தால் தட்டுகள் தப்பித்திருக்கும். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடியிருந்தால் கதை வேறு. தட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மழுங்கியிருந்தால் காயலில், காலி வலையோடு, அது காட்டிக்கொடுக்காது. கடலில் மூன்று மணி நேரம் மடி இழுத்துச் சூடான பிறகுதான் காட்டும். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஊற்றிய எண்ணெயைக் கொஞ்சம் வடித்து முகர்ந்து பார்க்க வேண்டும், கருகல் வாடை வருகிறதா என்று. வெள்ளைத் துணியில் ஊற்றினால் செம்பு நிறத்தில் மினுமினுப்பு தெரிகிறதா? ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே கருப்புத் துகளா, உலோகத் துருவலா? அழுத்தம் காட்டும் கடிகாரம் சூடான பிறகும் அதே இடத்தில் நிற்கிறதா, இறங்குகிறதா? இவற்றுக்கு ஒரு நாள் போதும். சந்தேகம் வலுத்தால் பெட்டியைக் கழற்ற வேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகலாம். உதிரிபாகம் வெளிநாட்டுச் சரக்கு என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

ஆகஸ்டின் முதல் நாட்களோ ஆண்டின் பொன்னான நாட்கள். 52 நாள் ஓய்வில் கடல் நிரம்பியிருக்கிறது. கரிக்காடி இறாலும் கிளிமீனும் கணவாயும் அள்ள அள்ள வரும் என்ற நம்பிக்கையில்தான் முதலாளி கடன் வாங்கிப் படகுக்குப் பெயின்ட் அடித்தார். தொழிலாளர்களுக்கு முன்பணம் கொடுத்தார். பக்கத்துப் படகு போகும்போது தன் படகைக் கட்டிவைத்து எண்ணெயை முகர்ந்துகொண்டிருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? பெரும்பாலானவர்கள் கூடுதலாக ஒரு டின் எண்ணெயை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் அடுத்த ஆண்டும் இதே தவறு நடப்பதற்குக் காரணம்.

மீதிப் பேருக்கு ஆகும்போது கேள்வி எழுகிறது: யார் பொறுப்பு? பட்டறை சொல்லும், நாங்கள் ஊற்றினோம், கடலில் ஒழுகியிருக்கும். முதலாளி சொல்வார், ஊற்றவே இல்லை. டிரைவர் ஏன் புறப்படும் முன் கம்பியை எடுத்துப் பார்க்கவில்லை என்று பட்டறை திருப்பிக் கேட்கும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நேற்றுத்தான் சர்வீஸ் முடிந்தது, அதனால்தான் பார்க்கவில்லை என்பது டிரைவரின் பதில். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆவணம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் மொத்தத் தொகை. எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது, எந்த எண்ணெய், ஓட்டிப் பார்த்த பிறகு மட்டம் எங்கே இருந்தது என்று எழுதும் வழக்கம் இல்லை. எழுதச் சொன்னால் நம்பிக்கையில்லையா என்று கோபம் வருகிறது. உதிரிபாகக் கடையில் எண்ணெய் வாங்கிய ரசீது இருந்தால் அதுவே பெரிய சாட்சி: பெட்டிக்குத் தேவை இருபது லிட்டர், வாங்கியது பதினைந்து என்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்று நகரத்தார் சொல்வார்கள். வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. படகு வணிகமா, வயிற்றுப்பாடா என்பதே முதல் வாதமாகி ஆண்டுகள் ஓடிவிடும். அதோடு அடுத்த ஜூலையில் அதே மெக்கானிக்கின் தயவு வேண்டியிருக்கும். எனவே பஞ்சாயத்து படகுத்துறை டீக்கடையில் நடக்கிறது. மெக்கானிக் கூலி வாங்காமல் பிரித்துக் கொடுப்பார், முதலாளி உதிரிபாகத்துக்குச் செலவழிப்பார். இது மோசமான தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பஞ்சாயத்தில் ஒரு தரப்புக்கு நாற்காலியே இல்லை.

இழுவைப் படகில் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை ஏலம் விட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் பங்கு. மீன் இல்லையென்றால் கழிக்கத்தான் இருக்கிறது, பங்கிட இல்லை. கட்டி இழுத்து வரப்பட்ட படகில் எட்டுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். குளச்சல் பக்கத்திலிருந்து வந்தவர் 52 நாள் வருமானமின்றி இருந்துவிட்டு முன்பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர். வங்காளத்திலிருந்து வந்த பையன் ரயில் டிக்கெட்டுக்கே கடன் வாங்கியவன். கியர் பாக்ஸின் மூடியை அவர்கள் தொட்டதுகூட இல்லை. படகு பட்டறையில் கிடக்கும் நாட்களில் வேறு படகில் இடம் கிடைத்தால் உண்டு. ஆகஸ்டில் எல்லாப் படகிலும் ஆள் நிரம்பியிருக்கும்.

2025 மே 25 அன்று 'எம்எஸ்சி எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கி, அதன் கன்டெய்னர்கள் கொல்லம் கரையில் ஒதுங்கியபோது, நீண்டகரையின் பேச்சு முழுவதும் வலை எதில் மாட்டும் என்பதாகவே இருந்தது. கடலடியில் கிடக்கும் இரும்பைப் பற்றிப் பயப்படுவது இயல்பு. கப்பல் மூழ்குவது செய்தி. கம்பியில் கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்ணெய் செய்தி அல்ல.

அனுபவப்பட்ட ஸ்ராங்குகள் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். படகை ஜூலை 25-க்குள் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும், பெயின்ட் பாக்கி இருந்தாலும் பரவாயில்லை. கரையில் கட்டியபடியே இன்ஜினை ஓட்டி, முன்னே ஒருமுறை பின்னே ஒருமுறை லீவரைப் போட்டு, நிறுத்தி, கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பிறகு காயலுக்குள் ஒரு மணி நேரம். மறுபடி கம்பி. பெட்டியின் மேல் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, மறுநாள் காலையில் அதில் எண்ணெய்ப் பொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலையாளப் பத்திரிகைதான் இதற்கு உகந்தது என்று நீண்டகரையில் கிண்டல் செய்வார்கள். பக்கம் அதிகம், தினமும் வருகிறது. மெக்கானிக் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். செய்கிற படகுகளும் உண்டு. ஜூலை கடைசி வாரத்தில் காயலில் காரணமில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கும் படகுகளைப் பாலத்திலிருந்து பார்க்கலாம்.

ஆகஸ்ட் 1 அன்று பகலிலேயே முதல் படகுகள் திரும்பத் தொடங்கிவிடும். சக்திகுளங்கரையின் ஏலத்தளத்தில் கூடைகள் வந்து விழும், விலை ஏறி இறங்கும், பெண்கள் இறாலைத் தரம் பிரிப்பார்கள், ஐஸ் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஒரு படகு இன்னொரு படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும். இழுத்து வந்த படகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, மீன் கெடுவதற்குள் ஏலத்துக்கு விரையும். பின்னால் வந்தது சத்தமில்லாமல் பாலத்துக்கடியில் நகர்ந்து, பளபளக்கும் புதுப் பெயின்ட்டோடு, நேற்று இரவு புறப்பட்ட அதே இடத்தில் போய் நிற்கும். கரையில் நிற்பவர்களில் ஒருவர் கியரா என்று மலையாளத்தில் கேட்பார். தளத்திலிருந்து தலையாட்டுவார்கள்.